‘உள்ளே வாங்க’ என்ற பச்சைப் பொத்தான்

எனக்குக் கோபம் மூக்கு நுனியில் இருக்கும். வீட்டில் எல்லோருக்கும் அது தெரியும். பதுளை டவுனில் அண்ணனின் துணிக்கடைக்கு மேல்மாடியில் இருக்கும் என் ஒற்றை அறைக்கு வருகிறவர்களுக்கும் தெரியும். இணையத்தளம் செய்து கொடுப்பதும், செய்த தளங்களைப் பழுது பார்ப்பதும் என் தொழில். அண்ணன் இன்றைக்கும் கடைக்கு வருகிறவர்களிடம், “தம்பி மேல கம்ப்யூட்டர்ல என்னமோ பண்ணிக்கிட்டு இருக்கான்” என்றுதான் சொல்வார். அந்த ‘என்னமோ’வைக் கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

அந்தத் திங்கட்கிழமை கோபம் வந்தது அண்ணன் மேல் அல்ல. மடுல்சீமைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து இரண்டு பஸ் மாறி வந்திருந்த ஒரு பெண் மேல். என்னை அண்ணே என்பாள், நான் தங்கச்சி என்பேன். அதற்கு மேல் உறவு ஒன்றும் கிடையாது. குடையை மூலையில் சாய்த்துவிட்டு, உட்காரக்கூடச் செய்யாமல் ஆரம்பித்தாள்.

“அண்ணே, இன்னொரு தடவ பாருங்க. நம்ம தளத்துக்கு ஆளுங்க வர்றாங்க. அந்தக் கணக்குல தான் காட்ட மாட்டேங்குது.”

“நாலு தடவ பாத்தாச்சு. வரலன்னா வரலதான். நான் என்ன, ஆள் புடிச்சா கொண்டாந்து விட முடியும்?”

சொன்ன வேகத்துக்கு அவள் முகம் சுருங்கிப்போனது. எனக்கே ஒரு மாதிரி ஆகி, விசிறியை அவள் பக்கம் திருப்பிவிட்டேன். மன்னிப்புக் கேட்க எனக்குத் தெரிந்த வழி அவ்வளவுதான்.

அவளுடைய தளத்தை ஒன்றரை வருடத்துக்கு முன் நான்தான் செய்து கொடுத்திருந்தேன். அலுவலகங்களில் கொடுக்கும் படிவங்களைப் பற்றியது, தோட்டத்தில் அதைப் பாரம் என்பார்கள். பிறப்புப் பத்திரம், அடையாள அட்டை, பள்ளிக்கூடச் சேர்க்கை என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு பக்கம். எந்தக் கட்டத்தில் எதை எழுதுவது, என்னென்ன பத்திரம் கூடக் கொண்டுபோவது, எந்த ஜன்னலில் கொடுப்பது என்று தோட்டத்து லய வீடுகளில் பேசுகிற தமிழிலேயே எழுதியிருப்பாள். அவளுடைய அப்பாவின் பெயர் மூன்று பத்திரங்களில் மூன்று மாதிரி எழுதப்பட்டிருந்ததாம். அதைத் திருத்துவதற்கு அவள் ஏறி இறங்கிய படிகளில் பிறந்த தளம் அது. கொழும்பில் ஒரு தொண்டு அமைப்பு அதைப் பார்த்துவிட்டு, ஒரு வருடத்துக்கு மாதாமாதம் ஒரு தொகை கொடுக்க ஒத்துக்கொண்டது. வருட முடிவில் எத்தனை பேர் வந்து வாசித்தார்கள் என்று பார்த்துவிட்டுத்தான் தொடர்வார்கள். அந்த வருடம் முடிய ஒரு வாரம் இருந்தது.

வருகையாளர்களை எண்ணுவதற்குத் தளத்தோடு ஒரு சின்ன இணைப்பு மென்பொருளைப் பூட்டியிருந்தேன். பிளகின் என்போம். முகப்பை மட்டும் எட்டிப் பார்த்துவிட்டுப் போகிறவரைச் சேர்க்காமல், படிவப் பக்கங்களுக்கு யார் வந்தார்கள், எந்தப் பக்கத்தை எவ்வளவு நேரம் பார்த்தார்கள் என்று கோடு போட்டுக் காட்டும். அவளுடைய கோடு ஒரு வருடமாகத் தரையோடு தரையாகப் படுத்துக் கிடந்தது. எங்கோ ஒருநாள் ஒருவர் வருவார், அதுவும் பாதிப் பக்கத்தில் திரும்பிப் போய்விடுவார்.

“அவங்க இல்லன்னுட்டா என்ன செய்யப் போற?” என்று கேட்டேன்.

“குவைத்துக்குத் தான், வீட்டு வேலைக்கு. ஏஜென்சிக்காரரு பேசிட்டாரு. வியாழக்கெழம கொழும்புல மெடிக்கல். பாப்பாவ நாத்தனார் பாத்துக்கும்.”

பாப்பாவுக்கு ஏழு வயது. புருஷன் கொழும்பில் ஒரு கடையில் நிற்கிறான். அவன் அனுப்புவதில் மாதத்தின் பாதியைத்தான் ஓட்ட முடியும். கணினிப் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

ஐந்தாவது தடவையாகப் பார்த்தேன். பிளகின் ஓடிக்கொண்டுதான் இருந்தது. எண்ணுகிற குறி ஒவ்வொரு படிவப் பக்கத்திலும் இருந்தது. தேங்கிக் கிடக்கும் பழைய பக்கப் பிரதிகளை அழித்தேன். மற்ற பிளகின்களை ஒவ்வொன்றாக நிறுத்திப் பார்த்தேன். நேரக் கணக்கு இலங்கை நேரத்தில்தான் இருந்தது. கடைசியில் என் கைபேசியில் ஒரு படிவப் பக்கத்தைத் திறந்தேன். உடனே திரையில் ஒரு ஆள் என்று காட்டியது. அது நான்.

“பாத்தியா? நான் போனா எண்ணுது. மத்தவங்க போனாலும் எண்ணும்ல?”

“அப்ப எங்க சனம் பொய்யா சொல்லுது? பஸ்ஸுல புடிச்சுக் கையக் குலுக்குறாங்கண்ணே. ஒங்கள வாசிச்சு எழுதுனேன், கெடச்சிருச்சுங்கிறாங்க.”

“மொகத்துக்கு நேரா பின்ன என்ன சொல்லுவாங்க? நல்லா இல்லன்னா சொல்லுவாங்க?”

“நீங்களே வந்து பாருங்க. எந்த லயத்துல வேணும்னாலும் கேளுங்க.”

வருகிறேன் என்றேன். உதவுவதற்காக என்று இப்போது சொல்லிக்கொள்ள ஆசைதான். ஆனால் உண்மை அதுவல்ல. நான் பூட்டிய மென்பொருள் பொய் சொல்கிறது என்று ஒருத்தி என் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டாள், அவளைத் தோற்கடித்துவிட்டு வரவேண்டும் என்றுதான் மறுநாள் காலையில் பஸ் ஏறினேன்.

பசறை தாண்டியதும் மடிக்கணினியைக் குழந்தை மாதிரி நெஞ்சோடு அணைத்துக்கொள்ள வேண்டியிருந்தது. அந்தப் பாதையில் பஸ் போவதை விடக் குதிப்பதுதான் அதிகம். மடுல்சீமையில் இறங்கி அரை மணி நேரம் நடந்தோம். அவளுடைய லயத்துக்குப் போகவேண்டாம், தோட்டத்தின் வேறு பிரிவுக்கு, வேறு டிவிசனுக்குப் போகலாம் என்றேன். முன்கூட்டியே சொல்லி வைத்திருப்பாளோ என்று எனக்குச் சந்தேகம். அவள் சிரித்துக்கொண்டே வேறு பக்கமாகத் திரும்பினாள்.

பகல் நேரம், பறித்த கொழுந்தை எடைபோட்டுக் கொடுத்துவிட்டுப் பெண்கள் சாப்பாட்டுக்கு வந்திருந்தார்கள். முதல் வீட்டு அம்மா கையைக் கழுவி முந்தானையில் துடைத்துக்கொண்டே எட்டிப் பார்த்தார்.

“அட, நம்ம பாரம் எழுதுற புள்ள! உள்ள வா. தம்பி, நீங்களும் உள்ள வாங்க. என்ன வாசல்லயே நிக்கிறீங்க? உள்ள வாங்க, உள்ள வாங்க.”

“இல்லம்மா, ஒரு நிமிசம் தான். சும்மா ஒண்ணு கேட்டுட்டுப் போகலாம்னு…”

“எதக் கேக்குறதா இருந்தாலும் உள்ள வந்து கேளுங்க.”

உள்ளே போய் உட்கார்ந்து, பால் விடாத பிளேன்டீ கைக்கு வந்த பிறகுதான் பேச விட்டார். அந்தப் பாரம் எழுதுகிற பக்கத்தைப் போனில் பார்ப்பீர்களா என்று கேட்டேன். பார்க்காமல் என்ன என்று மூலையில் சார்ஜில் கிடந்த போனை எடுத்தார். திரை ஒரு பக்கம் வெடித்திருந்தது. தளத்தைத் திறந்தார். தேடக்கூட இல்லை, விரல் நேரே மேலே இருந்த பச்சைப் பொத்தானுக்குப் போனது.

அந்தப் பொத்தானைப் பற்றி நான் சொல்லியாக வேண்டும். தளத்தை நடத்துகிறவள், எழுதுவதற்கும் திருத்துவதற்கும் தன் பெயரையும் கடவுச்சொல்லையும் கொடுத்து நுழையும் வழி அது. மற்றத் தளங்களில் ‘உள்நுழைக’ என்று போட்டிருப்பார்கள். எனக்கு அந்தச் சொல்லே பிடிக்காது, யாரோ சீருடை போட்டவர் அதட்டுவது போல இருக்கும். என் தமிழ்மேல் எனக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு. அதனால் ‘உள்ளே வாங்க’ என்று போட்டேன். அவள் கண்ணுக்கு உடனே படட்டும் என்று பச்சை நிறத்தில், பெரிதாக, பக்கத்தின் தலையிலேயே வைத்தேன். அதை அழுத்தப் போகிறவள் உலகத்தில் அவள் ஒருத்திதானே என்ற நினைப்பு.

அந்த அம்மா அழுத்தினார். பெயரும் கடவுச்சொல்லும் போனிலேயே பதிந்திருந்தன. அடுத்த நொடி தளம் திறந்தது. திரையின் மேல் விளிம்பில் ஒரு கறுப்புப் பட்டை நின்றது. தளத்தை நடத்துகிறவருக்கு மட்டும் தெரிகிற பட்டை அது. என் வாயிலிருந்த பிளேன்டீ புரையேறிவிட்டது.

“அம்மா, இதுக்குள்ள எப்பிடிப் போனீங்க?”

“எப்பிடின்னா? உள்ள வாங்கன்னு கூப்புடுதுல்ல? அமுக்குனேன். பேரு கேட்டுச்சு, பாஸ்வேர்டு கேட்டுச்சு. அது எனக்கு எங்க தெரியும்? கீழ இந்தப் புள்ளையோட நம்பர் கெடந்துச்சு, போன் போட்டேன். சொல்லுச்சு, எழுதி வச்சுக்கிட்டேன்.”

“ஒங்களுக்கு மட்டும் தானே?”

“எனக்கு மட்டும் எதுக்கு? இந்த லயத்துக்கே அது தான். மேல் டிவிசன்ல எங்க கொழுந்தியா வீட்டுக்கும் நான் தான் குடுத்தேன்.”

நான் தங்கச்சியைத் திரும்பிப் பார்த்தேன். அவள், இதில் என்ன இருக்கிறது என்கிற மாதிரி டீயை ஆற்றிக்கொண்டிருந்தாள். என் மண்டை சூடேறியது. அந்த அம்மா இருக்கிறார் என்றுகூடப் பார்க்காமல் கத்தினேன்.

“அறிவிருக்கா ஒனக்கு? பாஸ்வேர்ட ஊரு பூரா குடுப்பாங்களா யாராவது? ஒரு ஆள் தெரியாம ஒரு எடத்துல அமுக்குனா மொத்தமும் அழிஞ்சிருக்கும்!”

“யாரும் அழிக்கலையேண்ணே.”

“அழிக்கலன்னா? அது ஒன்னோட தனிக் கதவு!”

அவளுக்கும் கோபம் வந்துவிட்டது. டீ டம்ளரைக் கீழே வைத்தாள்.

“வீடு தேடி வந்தவங்க வாசல்ல நின்னுக்கிட்டு, உள்ள வர முடியலன்னு சொன்னா நான் என்னண்ணே செய்ய? தொறந்து விட்டேன். அது ஏன் தனிக் கதவுன்னா, அதுல ஏன் உள்ள வாங்கன்னு எழுதி வச்சீங்க?”

ஒரு வருடமாக நான் தேடிக்கொண்டிருந்த பழுது என் கையெழுத்தில் இருந்தது. அந்த வீட்டில் நான் வாசலில் நின்று இரண்டு வார்த்தை பேசிவிட்டுப் போகப் பார்த்தபோது அந்த அம்மா விடவில்லை. உள்ளே வாங்க என்று ஒரு இடத்தில் அழைப்பு இருக்கும்போது, வெளியே நின்றபடி கீழே இறக்கி வாசித்துவிட்டுப் போவது இந்தச் சனத்துக்குத் தோன்றாது. இத்தனைக்கும் எல்லாப் பக்கங்களும் உள்ளே வராமலே திறந்துதான் கிடந்தன.

மீதியைச் சொல்ல எனக்கு வெட்கமாக இருந்தது, ஆனாலும் சொன்னேன். பிளகின் பூட்டும்போது அதில் ஒரு கட்டத்தில் சரி போட்டிருந்தேன். தளத்தை நடத்துகிறவர் வந்தால் எண்ணாதே என்கிற கட்டம். அவளே போய்ப் போய்ப் பார்த்து எண்ணிக்கை ஏறிவிட்டால் கொழும்புக்காரர்கள் நம்ப மாட்டார்கள் என்று, அவள் நன்மைக்காகத்தான் செய்தேன்.

“காலையில பெரட்டுக் களத்துல பேர் எடுக்குற கணக்கப்பிள்ள, அன்னைக்கு வேலைக்கு வந்த ஆளுங்கள்ல தன்னையும் சேத்து எண்ணுவாரா? எண்ண மாட்டார்ல? அது மாதிரி, ஒன்ன எண்ண வேணாம்னு சொல்லி வச்சிருந்தேன்.”

அவளுக்குச் சட்டென்று விளங்கிவிட்டது. “அப்ப, எம் பேர்ல வந்தவங்க எல்லாரும்…”

“ஆமா. யாரையும் எண்ணல.”

“எங்க சனம் பூராவும் கணக்கப்பிள்ளையாயிருச்சுன்னு சொல்லுங்க!” என்று அவள் சிரித்தாள். அந்த அம்மாவும் எதற்கென்று தெரியாமலே கூடச் சிரித்தார். சிரித்துக்கொண்டிருக்கும்போதே அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. “வந்திருக்காங்கண்ணே,” என்றாள். “நான் சொன்னேன்ல, வந்திருக்காங்க.”

தோற்கடிக்கப் போனவன், தோற்றதற்காக அவ்வளவு சந்தோஷப்பட்ட நாள் என் வாழ்க்கையில் வேறு இல்லை. ஆனால் திரும்பி வரும் பஸ்ஸில் அந்தச் சந்தோஷம் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கிக்கொண்டே வந்தது. எண்ணாமல் விட்டதை இனி எண்ண முடியாது. அந்த மென்பொருள் அவர்களைத் தவறாகப் பதியவில்லை, பதியவே இல்லை. தளம் இருக்கும் சேவைக் கணினியில் வேறு ஒரு பதிவு இருக்கும், அறைக்கு வந்ததும் அதைப் பார்த்தேன். நாங்கள் எடுத்திருந்தது மலிவான திட்டம். அதில் ஒரு நாள் பதிவுதான் வைத்திருப்பார்கள். அந்த ஒரு நாளிலும் ஒரே தொலைபேசிச் சேவையில் வந்தவர்கள் எல்லாம் ஒரே இடத்திலிருந்து வந்தவர்கள் மாதிரி கலந்து கிடந்தார்கள். அதையும் ஒரு விளக்கக் கடிதத்தையும் சேர்த்து, பிழை முழுவதும் என்னுடையது என்று எழுதி, அன்று பின்னேரமே கொழும்புக்கு அனுப்பினேன்.

புதன்கிழமை காலையில் பதில் வந்தது. மரியாதையான பதில். சூழ்நிலை புரிகிறது, ஆனால் எங்களுக்கு எண்ணிக்கைதான் சாட்சி. பழுதைச் சரிசெய்து அடுத்த மாதத்தின் எண்ணிக்கையை அனுப்புங்கள், பார்த்துவிட்டு முடிவு சொல்கிறோம். அதுவரைக்கும் மாதத் தொகையை நிறுத்தி வைக்கிறோம். படிக்கப் படிக்க எனக்கு எரிந்தது. அவர்கள் சொன்னதில் பிழையும் இல்லை, அதுதான் கூடுதல் எரிச்சல்.

அன்று மதியம் தாண்டி அவள் வந்தாள். கையில் ஒரு பயணப்பை. சாயங்காலம் பதுளையிலிருந்து கொழும்பு பஸ், விடிந்தால் மெடிக்கல். பாப்பாவிடம் இரண்டு நாளில் வந்துவிடுவேன் என்று சொல்லிவிட்டு வந்ததாகச் சொன்னாள். மெடிக்கலில் தேறினால் எத்தனை நாளில் அனுப்புவார்கள் என்பதை அவள் குழந்தையிடம் சொல்லவில்லை.

கடிதத்தை வாசித்துக் காட்டினேன். தலையை மட்டும் ஆட்டினாள். “ஒரு மாசம் சும்மா காத்துக்கிட்டு இருக்க முடியாதுண்ணே. அவங்க இல்லன்னு சொல்லிட்டா இந்தக் குவைத்து எடமும் போயிரும். நீங்க அதச் சரி பண்ணிருங்க. நான் எங்க இருந்தாலும் சனத்துக்கு ஒதவுமில்ல?”

சரி பண்ணினேன். கடவுச்சொல்லை மாற்றினேன். எல்லோருடைய போனிலும் திறந்து கிடந்த கதவை ஒரேயடியாக மூடினேன். பச்சைப் பொத்தானை எடுத்துவிட்டு, பக்கத்தின் அடியில் சின்ன எழுத்தில் ‘நடத்துபவருக்கு மட்டும்’ என்று போட்டேன். என் தமிழ்க் கர்வத்தை அந்தச் சின்ன எழுத்தோடு சேர்த்து அங்கேயே வைத்துவிட்டேன்.

கால் மணி நேரம்கூட ஆகியிருக்காது, அவளுடைய போன் அடித்தது.

“அக்கா, உள்ள விட மாட்டேங்குதுக்கா. நாங்க ஏதாவது தப்பா அமுக்கிட்டமா?”

“இல்லடா. உள்ள வர வேணாம். அப்பிடியே கீழ எறக்கிப் பாரு, எல்லாம் வெளியவே இருக்கு.”

வைத்த உடனே அடுத்தது. பிறகு இன்னொன்று. பசறையிலிருந்து ஒருவர், மொனராகலைப் பக்கம் கலியாணம் கட்டிப் போன ஒரு பெண், லுணுகலையிலிருந்து ஒரு வயதானவர். அந்த ஐயா கதவை மூடியதற்குக் கோபித்துக்கொண்டு அவளை ஏசவே ஏசினார். அவள் எல்லோருக்கும் பொறுமையாக, கீழே இறக்குங்க, கீழே இறக்குங்க என்று சொல்லிக்கொண்டிருந்தாள். ஒரு வருடமாக என் திரையில் இல்லாதவர்கள் எல்லோரும் ஒருவர் பின் ஒருவராக அந்த அறைக்குள் பேசிக்கொண்டிருந்தார்கள். நான் வேலை செய்வதாகப் பாவனை காட்டிக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தேன்.

பஸ்ஸுக்கு ஒரு மணி நேரம் இருக்கும்போது இன்னொரு அழைப்பு. இரைச்சலாக இருக்கிறது என்று ஸ்பீக்கரில் போட்டாள்.

“அலோ, பாரம் எழுதுற தங்கச்சியா? நான் குவைத்துல இருந்து பேசுறேன். சொந்த ஊரு தெமோதரைப் பக்கம். உள்ள போக முடியலயே.”

நாங்கள் இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். கீழே இறக்கச் சொன்னாள்.

“ஆ, இருக்கு, இருக்கு. மக டவுன் பள்ளிக்கூடத்துல சேரப் பாரம் எழுதுறா. நான் இங்க இருந்து ஒங்க பக்கத்த வாசிச்சு சொல்ல, அவ அங்க எழுதுறது. நான் வேல செய்ற வீட்டு மேடம் தூங்குறாங்க, அதுக்குள்ள முடிக்கணும். ஒரு கட்டத்துல சிக்கிக்கிட்டோம். தாயோட வதிவிடம்னு கேக்குது. அம்மா, நீ எங்க இருக்கன்னு எழுதட்டும்னு புள்ள கேக்குறா. அவ ஒண்ணாம் வகுப்புப் படிக்கும்போது வந்தவ நான். எதத் தங்கச்சி எழுதச் சொல்ல?”

தங்கச்சி காலடியில் கிடந்த பயணப்பையைப் பார்த்தாள். அந்தக் கட்டத்தைப் பற்றி எழுதி வைத்ததே அவள்தான். வீட்டு விலாசம், கிராம சேவகர் பிரிவு என்று நாலு வரி எழுதியிருந்தாள்.

“அலோ? கேக்குதா?”

“கேக்குதுங்க,” என்றாள். “ஊர் விலாசத்தையே எழுதச் சொல்லுங்கக்கா. அது தானே ஒங்க வீடு.”

“அப்பிடியா? சரி, சரி. சொல்றேன். நல்லா இருங்க.”

போன் நின்றது. கீழே கடையில் அண்ணன் யாருக்கோ துணி கிழிக்கிற சத்தம் மட்டும் கேட்டது. அவள் போனையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். எனக்கு ஏதாவது சொல்ல வேண்டும் போல இருந்தது. போகாதே என்று சொல்லத்தான் ஆசை. போகாமலிருந்தால் அடுத்த மாதம் அவள் அடுப்பில் என்ன வேகும் என்று எனக்குத் தெரியாது, அதனால் சொல்லவில்லை.

மறுபடி போன் அடித்தது. இந்த முறை ஏஜென்சிக்காரர். பஸ் ஏறியாச்சா என்று அவர் கேட்டது ஸ்பீக்கரில் எனக்கும் கேட்டது.

“இல்லண்ணே. நான் வரல.”

அவர் ஏதோ கத்தினார். சீட்டு, பேர், வேறு ஆள் என்று துண்டு துண்டாகக் கேட்டது.

“வேற ஆளயே போடுங்க. ஆமாங்க, யோசிச்சுத் தான் சொல்றேன். கோவிச்சுக்காதீங்க.”

வைத்துவிட்டு முகத்தை அழுத்தித் துடைத்தாள். பையை மடிக்கு இழுத்துக்கொண்டாள்.

“அண்ணே, மடுல்சீமைக்குக் கடைசி பஸ் போயிருக்குமா?”

போயிருக்காது, ஓடினால் பிடிக்கலாம் என்றேன். பையை அவள் கையிலிருந்து வாங்கிக்கொண்டு நான்தான் முதலில் படியிறங்கினேன்.